தண்டம் யார் தலையில் விழுகிறது?

மலேசியாவில் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பப் பட்டணத்துக்கு வருகிறார்கள். பணம் அனுப்பும் கடையில் கடப்பிதழைக் காட்ட வேண்டும், பெர்மிட்டைக் காட்ட வேண்டும். எங்கே வேலை, பணம் யாருக்கு, அவர் என்ன உறவு, எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாரத்தில் எழுதிக்கொள்வார்கள். 800 ரிங்கிட் அனுப்புபவரும் இத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்று உண்டியல் எனும் உரிமமில்லாத வழியில் அனுப்பினால் அது சட்டத்துக்குப் புறம்பு. உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்துவோருக்கு 2011ஆம் ஆண்டுப் பணச் சேவை வணிகச் சட்டம் 50 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது.

இந்தக் கெடுபிடியைக் குறை சொல்வதற்கில்லை. நாட்டைவிட்டுப் பணம் எப்படி, எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பது எல்லோரையும் தொடும் விஷயம். 1997 நடுவில் ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் கொடுத்த மலேசியா, 1998 ஜனவரியில் 4.88 ரிங்கிட் வரை கொடுக்க நேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு கடுமையான நாணயக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பைக் கட்டி நிறுத்தியது. 2005 ஜூலை வரை அது நீடித்தது. ரிங்கிட் சரிந்தால் முதலில் தெரிவது மளிகைக் கடையில். பருப்பும் வெங்காயமும் கோதுமையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. தோட்டத்து வீட்டின் மாதச் செலவு ஏறுவதற்கு வேறு காரணமே வேண்டாம். ஆகவே அந்நியச் செலாவணி விதி என்பது ஏழையின் அடுப்பைக் காக்கும் விதியும்கூட. அதை மீறுபவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கேள்வி அடுத்த படியில்தான் எழுகிறது. மீறியவர் ஒரு வங்கியாகவோ பெரு நிறுவனமாகவோ இருந்தால் தண்டனை உண்மையில் யாரைச் சேருகிறது?

2009 செப்டம்பர் கடைசியில், மலேசிய அரசுக்குச் சொந்தமான 1எம்டிபி நிறுவனம் 100 கோடி டாலரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஒரு கூட்டு முயற்சியில் முதலீடு செய்யப்போவதாகச் சொல்லி மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் அனுமதி வாங்கியிருந்தது. அதில் 70 கோடி டாலர் அந்தக் கூட்டு முயற்சிக்குப் போகவில்லை. சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் விழுந்தது. இந்தப் பணத்தை யாரும் பெட்டியில் வைத்துக் கடத்தவில்லை. வங்கிகளின் வழியாக, கையெழுத்தும் முத்திரையுமாகத்தான் போனது.

பாரம் நிரப்பச் சொல்லி 800 ரிங்கிட்டுக்குக் கேட்கப்படும் அதே கேள்விதான் இங்கேயும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்: பணம் யாருக்கு, எதற்கு?

2015இல் பேங்க் நெகாரா தன் முடிவைச் சொன்னது. தவறான அல்லது முழுமையற்ற தகவல் கொடுத்து அனுமதி பெறப்பட்டது என்று கூறி, இதையும் சேர்த்து 1எம்டிபிக்குக் கொடுத்திருந்த, மொத்தம் 183 கோடி டாலருக்கான மூன்று அனுமதிகளை ரத்து செய்தது. பணத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது. 1953ஆம் ஆண்டு நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கவும் பரிந்துரைத்தது. குற்றம் ஏதுமில்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் பதில் சொன்னது. வழக்கு நின்றது. 2016 ஏப்ரலில், தன் உத்தரவை நிறைவேற்றாததற்காக 1எம்டிபிக்கு நிர்வாக அபராதம் விதித்ததாக பேங்க் நெகாரா அறிவித்தது. 1எம்டிபி நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம். அரசுக்குச் சொந்தமான நிறுவனம் கட்டும் அபராதம் பொதுப்பணத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. கொள்ளையடித்தவரின் சட்டைப்பையை அது தொடவே இல்லை.

நிர்வாக அபராதத்துக்கும் நியாயம் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வங்கிக்கு உடம்பு கிடையாது; அதைச் சிறையில் போட முடியாது. உரிமத்தைப் பறித்தால் குற்றமறியாத வைப்பாளர்களும் வங்கி ஊழியர்களும் தெருவுக்கு வருவார்கள். நீதிமன்ற வழக்கு பல ஆண்டுகள் இழுக்கும். கட்டுப்பாட்டாளர் விதிக்கும் தண்டம் சில மாதங்களில் முடியும். இந்தியா இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் மீறலைக் குற்றமாகப் பார்த்தது; சிறைத் தண்டனையும் அதன் கையில் இருந்தது. வணிகர்களை மிரட்டவும் பழிவாங்கவும் அது பயன்படுகிறது என்ற புகார் வளர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மீறிய தொகையைப்போல் மூன்று மடங்கு வரை தண்டம் என்று குடிமைச் சட்டத்தின் வழிக்கு அது மாறியது. சிறையிலிருந்து தண்டத்துக்கு நகர்ந்த அந்த முடிவில் மனிதநேயமும் இருந்தது.

ஆனால் தண்டமும் காலத்தோடு வராவிட்டால் பயனில்லை. தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் பங்குகள் 2007இல் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயருக்கு மாற்றப்பட்டன. ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இது நடந்தது என்று அமலாக்கத் துறை வழக்குப் போட்டது. அதில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிக்கு 100 கோடி ரூபாயும் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்குச் சுமார் 17 கோடி ரூபாயும் தண்டம் விதிக்கப்பட்டது 2020இல். இடையில் 13 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் ஒரு வங்கியின் மேலாளர்கள் மாறிவிடுகிறார்கள், இயக்குநர்கள் மாறிவிடுகிறார்கள், பங்குதாரர்களும் மாறிவிடுகிறார்கள். அன்று முடிவெடுத்தவர் இன்று அங்கே இல்லாமலே போகலாம். தண்டத்தின் சுமை மட்டும் இன்று இருப்பவர்கள்மேல் இறங்குகிறது.

தோட்டத்துத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை இந்த இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், மிகைநேரம் என்று வரவுப் பக்கம் முடிந்ததும் பிடித்தம் தொடங்கும். அதில் பெரிய வரி சேமநிதி: தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11. 1951இல் சட்டமான அந்தச் சேமநிதிதான் மூன்று தலைமுறைத் தோட்டப் பாட்டாளிகளின் ஒரே சொத்து. தோட்டம் விற்கப்பட்டு வரிசை வீடுகள் இடிக்கப்பட்டபோது, வெளியே மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டப் பலருக்கும் அதுதான் கைகொடுத்தது. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நூற்றுக்கு 2 செலுத்துகிறார்கள். இந்தப் பணத்தை ஊழியர் சேமநிதி வாரியம் பூட்டி வைப்பதில்லை, முதலீடு செய்கிறது. ஆர்.எச்.பி. வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர் அந்த வாரியமே. மேபேங்க், சிஐஎம்பி, ஆம்பேங்க் ஆகியவற்றிலும் அதற்குக் கணிசமான பங்கு உண்டு.

2015 நவம்பரில் ஆம்பேங்க் குழுமத்துக்கு பேங்க் நெகாரா 5 கோடியே 37 லட்சம் ரிங்கிட் தண்டம் விதித்தது. நிதிச் சேவைச் சட்டங்களின் சில விதிகளைப் பின்பற்றவில்லை என்ற அளவில்தான் ஆம்பேங்கின் அறிவிப்பு இருந்தது. எந்த விதி, எந்தக் கணக்கு, யார் கையெழுத்து என்ற விவரம் அதில் இல்லை. 2021 பிப்ரவரியில் அதே குழுமம் 1எம்டிபி தொடர்பான கோரிக்கைகளைத் தீர்த்துக்கொள்ள அரசுக்கு 283 கோடி ரிங்கிட் தர ஒப்புக்கொண்டது. இதுவும் சேர்ந்து அந்த நிதியாண்டில் குழுமம் 380 கோடி ரிங்கிட்டுக்கு மேல் நட்டம் காட்டியது. வங்கியின் நட்டம் பங்குதாரரின் நட்டம். பங்குதாரர்களில் ஒருவர் சேமநிதி வாரியம். வாரியத்தின் பணம் யாருடையது என்பதைச் சம்பளச் சீட்டே சொல்கிறது. எந்தக் கோப்பையும் பார்த்திராத, எந்தக் கணக்கையும் திறந்திராத ஒருவர், தன் பங்குக்குச் சில காசுகளையாவது அந்த நட்டத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வங்கி லாபம் ஈட்டியபோது பங்கு ஈவை வாங்கியவர்கள்தானே, நட்டத்தையும் ஏற்பதுதானே முறை? உரிமையாளருக்கு வலித்தால்தான் அவர் தன் ஆட்களைக் கண்காணிப்பார் என்பதும் உண்மை. இந்த வாதம் சேமநிதி வாரியம் போன்ற பெரிய பங்குதாரருக்குப் பொருந்தும். இயக்குநரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அதற்கு வாக்கு இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. தொழிலாளிக்கு அந்த வாக்கும் இல்லை, பிடிக்காத பங்கை விற்றுவிட்டு வெளியேறும் வழியும் இல்லை. தடுக்கும் ஆற்றல் எவரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பொறுப்பும் இருக்க வேண்டும். ஆற்றலே இல்லாதவர்மேல் சுமையை ஏற்றும் தண்டனை, அளவில் எவ்வளவு பெரிதானாலும் அறத்தில் சிறியது.

இன்னொரு கேடும் இருக்கிறது. தண்டம் லாபத்தைவிடக் குறைவாக இருந்தால் அது தண்டனையாக இருப்பதில்லை. செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. 2014 நவம்பரில் அந்நியச் செலாவணிச் சந்தையில் விலையைக் கூட்டாகத் திரித்ததற்காக ஆறு உலக வங்கிகளுக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து சுமார் 430 கோடி டாலர் தண்டம் விதித்தன. அடுத்த மே மாதம் நான்கு வங்கிகள் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. விலையைத் திரிக்கக் கூடிப் பேசியதாகச் சொல்லப்பட்ட அரட்டைக் குழுவில் இருந்த மூன்று முன்னாள் வணிகர்களை 2018 அக்டோபரில் நியூயார்க் நடுவர் குழு விடுதலை செய்தது. நிறுவனங்கள் குற்றவாளிகள், அந்த மூவரும் நிரபராதிகள். நீதிமன்றத்துக்கு அதன் சான்று விதிகள் உண்டு, தீர்ப்பைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும் நிறுவனத்தின் காசோலை எவ்வளவு எளிதாகக் கணக்கை முடித்துவைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. 1எம்டிபி பணம் தன் நாட்டு வங்கிகள் வழியாகப் போனதற்காகச் சிங்கப்பூர் நாணய ஆணையம் எட்டு வங்கிகளைப் பெயர் சொல்லித் தண்டித்தது. மொத்தத் தண்டம் 2 கோடியே 91 லட்சம் சிங்கப்பூர் டாலர். வங்கிகளுக்கு அது பெரிய தொகையல்ல. ஆனால் ஆணையம் அங்கே நிற்கவில்லை. 2016இல் பிஎஸ்ஐ வங்கியையும் ஃபால்கன் வங்கியையும் நாட்டில் தொழில் நடத்த முடியாதபடி மூடியது. பொறுப்பில் இருந்த வங்கியாளர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள்; பலருக்கு நிதித்துறையில் பணியாற்றத் தடை வந்தது. 2020இல் கோல்ட்மன் சாக்ஸ், இதே விவகாரத்துக்காகத் தன் இன்றைய, முன்னாள் உயரதிகாரிகளிடமிருந்து 17 கோடியே 40 லட்சம் டாலர் ஊதியத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த வங்கி கட்டிய மொத்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் இது சிறிதுதான். ஆனாலும் முடிவெடுத்தவரின் சொந்தப் பணத்தைத் தொட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

தனிமனிதரைத் தண்டிப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேலிடத்து உத்தரவுப்படி பாரத்தில் கையெழுத்திட்ட கிளை ஊழியரைப் பிடித்துக்கொடுத்துவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பிக்கலாம். தோட்டத்துத் தமிழருக்கு இது தெரியாத கதையல்ல. துரை செய்த கணக்குப் பிழைக்குக் கிராணியும், கிராணி செய்ததற்குத் தொழிலாளியும் பதில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஆகவே தனிமனிதப் பொறுப்பு என்றால், "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அதிகாரம் ஏற ஏறத் தண்டனையும் ஏற வேண்டும்.

தண்டிக்கும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பேங்க் நெகாராவே அந்நியச் செலாவணிச் சந்தையில் இறங்கி விளையாடியது. அதன் இழப்பு 3,150 கோடி ரிங்கிட் என்று 2017இல் அரச விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. உண்மையை நாடு முழுமையாகக் கேட்பதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. காவல் நிற்பவர் தன் பிழையை மறைத்தால், பிறர் பிழையை அவர் மூடிய அறைக்குள் தீர்த்துவைக்கும்போது மக்கள் நம்ப மாட்டார்கள். விவரம் வெளியே தெரிந்தால் வைப்பாளர்கள் பதறி ஓடிவருவார்கள் என்ற அச்சம் வழக்கு நடக்கும்போது பொருந்தலாம். தண்டம் விதித்து முடித்த பிறகும் மௌனம் காப்பதற்கு அது காரணமாகாது.

சட்டத்தில் குறையில்லை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், அந்நியச் செலாவணி விதியை மீறுவோருக்கு 5 கோடி ரிங்கிட் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. உண்டியல் நடத்துபவருக்கும் அதிகபட்சம் அதே 10 ஆண்டு. சிறைக் காலத்தில் ஏட்டில் இருவரும் சமம். நடைமுறையிலும் சமமாக்குவது ஆள்பவர்களின் கடமை. வங்கிமேல் விதிக்கும் தண்டம், மீறலில் கிடைத்த லாபத்தை முழுதாகப் பிடுங்கிய பிறகே தொடங்க வேண்டும். முடிவெடுத்தவரின் ஊக்கத்தொகையும் பதவியும் அதோடு போக வேண்டும். எந்த விதி, எவ்வளவு தொகை, யார் பொறுப்பு என்பது பொதுமக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும். சேமநிதி வாரியம் தான் பங்கு வைத்திருக்கும் வங்கி தண்டிக்கப்பட்டால், அதற்குக் காரணமான இயக்குநர்களுக்கு எதிராக வாக்களித்து, அதை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். சேமநிதி அறிக்கை வீட்டுக்கு வரும்போது ஈவுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உங்கள் பணம் எந்த வங்கியில் பங்காக இருக்கிறது, அந்த வங்கி சட்டத்தை மதித்து நடக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் முழு உரிமை, மாதந்தோறும் நூற்றுக்கு 11 கொடுக்கும் உங்களுக்கு உண்டு.