நன்றி நாளும் கொல்லா நெறியும்

நன்றி மறவாமை எந்நாட்டார்க்கும் பொதுவான அறம். ஆயினும், நன்றி செலுத்துவதற்கென ஓர் உயிரைக் கொல்லுதல் தகுமா? அயல்நாட்டு விழாவொன்றிற்கு அழைக்கப்பெற்றபோது இவ்வினா எங்கள் உள்ளத்தை வாட்டியது.

2018ஆம் ஆண்டு நவம்பரில் நாங்கள் இருவரும் அமெரிக்காவில், பாஸ்டன் நகருக்கு அருகே, மகன் இல்லத்தில் தங்கியிருந்தோம். அந்நாட்டில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். 1621இல் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும் அம்மண்ணின் வாம்பனோவாக் மக்களும் உடனுண்ட அறுவடை விருந்தை இதன் தொடக்கமாகக் கூறுவர். 1863இல் அதிபர் லிங்கன் இதனை நாடு முழுவதும் கொண்டாடுமாறு அறிவித்தார். இந்நாளின் தலைமை உணவு வான்கோழி இறைச்சி.

அண்டை வீட்டு அம்மையார் எங்களையும் அழைத்தார். ஊன் வைத்த மேசையில் எவ்வாறு அமர்வது என்று தயங்கினோம். "பாட்டி, அன்போடு அழைத்தவர் மனம் நோவதும் இம்சைதானே?" என்றாள் பேத்தி. பிள்ளையின் வினாவிற்கு உடனே விடை கூறாமல் அதனையே சிந்திக்கச் செய்க என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். அன்று சிந்திக்க வேண்டியவர்கள் நாங்களாகவே இருந்தோம்.

ஊன் உண்ணோம், கதிரவன் மறைந்தபின் எதுவும் உண்ணோம் என்பதை அம்மையாரிடம் ஒளிக்காமல் கூறினோம். அங்கு அந்நாளில் மாலை நான்கேகால் மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். அவர் விருந்தையே நண்பகலுக்கு மாற்றினார். பரங்கிக்காயும் மக்காச்சோளமும் தனிப் பாத்திரத்தில் சமைத்து எங்கள் முன் வைத்தார். உண்ணுமுன் ஒவ்வொருவரும் தம் நன்றியைச் சொல்வது அங்கு வழக்கம். எங்கள் முறை வந்தபோது, "எங்கள் நோன்பிற்காக உங்கள் விழாவின் நேரத்தையே மாற்றினீர்கள், அதற்கு நன்றி" என்றோம். மேசையில் கிடந்த அவ்வுயிரிடம் மனத்துள் மன்னிப்பு வேண்டினோம்.

இந்நாளையே 1970 முதல் பழங்குடி மக்கள் பிளிமத்தில் துக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். ஒருவர்க்கு நன்றி நாள்; மற்றவர்க்கு மண்ணும் மக்களும் இழந்ததை எண்ணும் நாள். வான்கோழிக்குப் பேச்சிருந்தால் மூன்றாவதொரு நோக்கும் விளங்கும். பல நோக்குகள் உண்டென்பதால் கொலை அறமாகிவிடாது. கொலை தீதென்பதால் அம்மையாரின் அன்பு பொய்யாகிவிடவும் செய்யாது. அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பது இதுவே.

செய்ந்நன்றி அறிதலுக்கும் புலால் மறுத்தலுக்கும் திருக்குறளில் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. வாழ்விலோ இரண்டையும் ஒருங்கே காத்தல் வேண்டும். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் அன்பின் அழைப்பை மறுக்காமலும், தம் நெறியை மறைக்காமலும் வாழ்வாராக!