உத்தரவாதம்: ஓர் அறவியல் நோக்கு

வாக்குக் கொடுத்தவன் அதனைக் காக்க வேண்டும் என்பது எல்லாச் சமூகங்களும் ஏற்றுக்கொண்ட அறமாகும். ஆயின் வாக்குக் கொடுத்தவனே, அவ்வாக்கு நிறைவேறியதா இல்லையா என்று தீர்மானிக்கும் நீதிபதியாகவும் அமர்ந்துவிட்டால் நிலைமை யாது? புதிய மோட்டார் கார் ஒன்றை வாங்குபவரின் கையிற் கொடுக்கப்படும் உத்தரவாதப் பத்திரம் இவ்வினாவை எழுப்புகின்றது. குறித்த காலத்துக்குள் அல்லது குறித்த தூரத்துக்குள் உற்பத்திக் குறைபாட்டினால் ஏற்படும் பழுதைக் கட்டணமின்றித் திருத்தித் தருவோம் என்பதே அப்பத்திரத்தின் சாரம். ஆனால் பழுது உண்டா, அது உற்பத்திக் குறைபாட்டினால் விளைந்ததா என்பதை முதலிற் சொல்பவர் வாக்களித்த தரப்பின் விற்பனை முகவரே. வாங்கியவர் முறையிடுகின்றார், வாக்களித்தவரின் ஆள் தீர்ப்பளிக்கின்றார். ஆகவே இதனை வெறும் வாணிப விவகாரமென ஒதுக்கிவிட முடியாது. உத்தரவாதம் என்னும் வாக்கின் அறவியல் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை அருவமாக ஆராய்வதிலும் பார்க்க, நீதிமன்றத்தின் முன் வந்து முடிவு காணப்பட்ட ஓர் உதாரணத்தைக் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும். ஃபோர்ட் நிறுவனம் ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் ஆகிய தனது கார் வகைகளில் ‘பவர்ஷிப்ற்’ எனப் பெயரிட்ட தானியங்கிக் கியர்ப் பெட்டியைப் பொருத்தி விற்றது. வழக்கமான தானியங்கிக் காரில், இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெயின் சுழற்சியினால் விசையைக் கடத்தும் ஓர் அமைப்பு உண்டு. கார் அசையத் தொடங்கும்போது எழும் அதிர்வை அந்த எண்ணெய் பெரிதும் உள்வாங்கிவிடும். பவர்ஷிப்ற் அமைப்பில் அதற்குப் பதிலாக இரண்டு உலர் கிளச்சுகள் இருந்தன. ஒன்று ஒற்றை எண் கியர்களையும் மற்றது இரட்டை எண் கியர்களையும் தாங்க, அவற்றை மின்னணுக் கட்டுப்பாட்டுத் தொகுதியொன்று இயக்கிற்று. எரிபொருட் சிக்கனம் இவ்வமைப்பின் நோக்கங்களுள் ஒன்று. ஆயின் நெரிசலான வீதிகளில் மெதுவாகச் செல்லும்போது கார் நடுங்குகின்றது, முன்செல்லத் தயங்குகின்றது என்ற முறைப்பாடுகள் பல நாடுகளிலிருந்தும் எழுந்தன.

அவுஸ்திரேலியாவில் இக்கியர்ப் பெட்டியைக் கொண்ட ஏறத்தாழ 70,000 கார்கள் விற்கப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய அரைவாசி ஒரு தடவையாவது கியர்ப் பெட்டித் திருத்தத்துக்கு உள்ளாயின. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2017 இல் வழக்குத் தொடுத்தது. 2015 மே முதல் 2016 பெப்ரவரி வரையான காலத்தில் முறைப்பாடுகளை நிறுவனம் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது எனச் சமஷ்டி நீதிமன்றம் 2018 ஏப்பிரலில் பிரகடனஞ் செய்து, ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலரைத் தண்டமாக விதித்தது. நடுக்கமானது கார்களின் தரக் குறைபாட்டின் அறிகுறி என்பதை அறிந்திருந்தும், வாடிக்கையாளர் ஓட்டும் முறையே அதற்குக் காரணமென நிறுவனம் சிலருக்குக் கூறியிருந்தது. பணத்தை மீளக் கொடுக்கவோ மாற்றுக் கார் வழங்கவோ அது மறுத்தது. மாற்றுக் கார் கொடுத்தவிடத்தும், பெரும்பாலும் வாங்கியவரே கணிசமான தொகையை மேலும் செலுத்த நேர்ந்தது. அவ்வாறு திரும்பப் பெற்ற கார்கள், குறைபாடு போதியளவு வெளிப்படுத்தப்படாமலே வேறு மனிதருக்கு விற்கப்பட்டன.

இவ்விடயத்தில் அறவழு எது என்பதை வரையறுத்துக்கொள்ளல் அவசியம். கியர்ப் பெட்டி பழுதானமை தன்னளவில் அறவழு அன்று. மனிதர் ஆக்கும் பொறி எதுவும் பிழைக்கக்கூடும். அவ்வுண்மையை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதனாலேயே உத்தரவாதம் எழுதப்படுகின்றது. பழுதைத் திருத்தக் காலஞ் செல்லுதலும் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளத் தக்கதே. பொறுத்துக்கொள்ள முடியாதது, காரணத்தை அறிந்தவர் அதனை அறியாதவரை நோக்கி ‘நீங்கள் ஓட்டும் முறையே பிழை’ என்று கூறியமையாகும். இக்கூற்று உதவியை மறுப்பதோடு நின்றுவிடவில்லை. குற்றத்தை இடம் மாற்றுகின்றது. தன் கையாலும் காலாலும் உணர்ந்த நடுக்கத்தைப் பற்றித் தானே ஐயுறும் நிலைக்கு அது வாங்கியவரைத் தள்ளுகின்றது. ஒருவரின் சொல்லுக்கு உரிய நம்பிக்கையை முற்சாய்வினால் மறுத்தலை ‘சாட்சிய அநீதி’ என்னும் பொருள்பட மிராண்டா ஃபிரிக்கர் 2007 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் முதன்மையாகக் கருதியது பால், இனம் முதலியன பற்றிய முற்சாய்வையே. இங்கு முற்சாய்வின் இடத்தில் ஆதாயம் நிற்கின்றது, விளைவு வேறன்று.

அறிந்தவர் அறியாதவருக்கு எவ்வளவு சொல்லவேண்டும் என்பது பழைமையான வினா. உரோம அறிஞர் சிசெரோ, கி.மு. 44 இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், குறைபாடுள்ள வீட்டை விற்பவனைப் பற்றிய விவாதமொன்றை எடுத்துரைக்கின்றார். வீட்டின் குறை விற்பவனுக்கு மாத்திரமே தெரியும். அவன் அதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்கின்றார் ஸ்தோயிக்க ஞானி அந்திப்பாத்தர். சட்டம் கோரும் அளவுக்குச் சொன்னாற் போதும், சொல்லாதிருத்தல் வேறு மறைத்தல் வேறு என்கின்றார் அவருடைய ஆசிரியரான தயோஜெனிஸ். சிசெரோ அந்திப்பாத்தரின் பக்கமே சாய்கின்றார். எனினும் எமது உதாரணத்தைத் தயோஜெனிஸின் அளவுகோலால் அளந்தாலும் முடிவு மாறாது என்பது மனங்கொள்ளத்தக்கது. வாங்குபவரை ஏமாற்றலாம் என்று அவரும் கூறவில்லை. மேலும், வீட்டை வாங்குபவர் சுவரைத் தட்டிப் பார்க்கலாம், கூரையை அண்ணாந்து நோக்கலாம். மூடிய உலோகப் பெட்டிக்குள் இருக்கும் கிளச்சை அவர் எவ்வாறு சோதிப்பார்? வாங்கியவர் கேட்கத்தக்க சாட்சி ஒருவரே. அவரும் எதிர்த் தரப்பினர்.

இனி, விற்பனை முகவரின் நிலையை நோக்குவோம். கார் உற்பத்தியாளருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர் அவர். உத்தரவாதத் திருத்தத்துக்கான கூலியை உற்பத்தியாளரே முகவருக்குக் கொடுப்பது வழக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் உற்பத்தியாளரே பெரும்பாலும் வகுத்துவிடுகின்றார். ஆதலால் முகவர் ‘என் கையில் எதுவுமில்லை’ என்கின்றார். உற்பத்தியாளர் ‘முகவரிடம் காட்டுங்கள்’ என்கின்றார். பொறுப்பு இருவருக்கிடையே பகிரப்படும்போது இருமடங்காவதற்குப் பதிலாக இல்லாதொழிந்துவிடுகின்றது. இத்தகைய நழுவலை 1960 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் ஹெனிங்சன் வழக்கில் ஏற்க மறுத்தது. 1955 மே மாதத்தில் வாங்கிய பிளிமத் கார் ஒன்று பத்து நாட்களில், 468 மைல்களே ஓடிய நிலையில், கட்டுப்பாட்டை இழந்து சுவரில் மோதிற்று. உத்தரவாதப் பத்திரமோ, 90 நாட்களுக்குள் அல்லது 4,000 மைல்களுக்குள் பழுதான உறுப்பை மாற்றிக் கொடுப்பதொன்றையே கடமையாகக் கூறி, ஏனைய பொறுப்புகளைக் கைகழுவியிருந்தது. உற்பத்தியாளர்கள் எல்லாரும் ஒரே வாசகத்தை நீட்டும்போது, வாங்குபவருக்குப் பேரம் பேசும் சுதந்திரம் உண்மையில் இல்லை என்று கண்ட நீதிமன்றம், முகவரையும் உற்பத்தியாளரையும் பொறுப்பாளிகளாக்கிற்று.

இதற்கு எதிராக ஒரு நியாயம் கூறப்படலாம். முறையிடுவோர் எல்லாரும் உண்மை பேசுவோர் அல்லர். கிளச்சைத் தாமே தேய்த்துவிட்டு உத்தரவாதத்தை நாடுவோரும் உளர். எல்லா முறைப்பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால், அச்செலவு காரின் விலையிற் சேர்ந்து நேர்மையாளரின் தலையிலேயே விழும். இந்நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அது விசாரணை வேண்டும் என்பதையே நிறுவுகின்றதன்றி, சந்தேகமே விசாரணைக்கு ஈடாகும் என்பதை நிறுவவில்லை. எங்கு அறிவு குவிந்துள்ளதோ அங்கேயே நிரூபிக்கும் பாரமும் இருத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளின் பதிவேடு உற்பத்தியாளரிடம் உள்ளது. ஒரு காரின் ஒரு நடுக்கம் மாத்திரமே வாங்கியவரிடம் உள்ளது. அமெரிக்க மாநிலங்கள் இயற்றிய ‘லெமன் சட்டங்கள்’ இந்நீதியை ஓரளவு உணர்ந்தவை. குறை தீராத காரை அமெரிக்கர் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்பர். 1982 இல் கனெக்ரிகட் மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, ஒரே பழுதை நான்கு தடவை திருத்த முயன்றும் தீரவில்லையெனில், அல்லது கார் மொத்தம் 30 நாட்கள் திருத்தகத்திற் கிடந்ததெனில், போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டுவிட்டதென்றே கொள்ளப்படும். கிளச்சின் உட்கூற்றை வாங்கியவர் விளக்கவேண்டியதில்லை. திருத்தம் மீண்டும் மீண்டும் தோற்றமையே சான்றாகின்றது. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது, ஒவ்வொரு தடவையும் எழுத்தில் முறையிடுதல், திகதியிட்ட பற்றுச்சீட்டுகளைப் பேணுதல், காரைத் தாம் பயன்படுத்திய விதத்தை மறைக்காது கூறுதல் ஆகியனவே. உத்தரவாதம் அவரிடமும் வாய்மையைக் கோருகின்றது.

வாய்மை என்னும் இக்கோரிக்கை வேறோர் இடத்தில் இன்னுங் கடுமையாகின்றது. உத்தரவாதம் மறுக்கப்பட்டவர் நடுங்கும் காரை என்ன செய்வார்? பெரும்பாலும் விற்றுவிடவே நினைப்பார். அப்போது அந்திப்பாத்தரின் வினா அவரையே நோக்கித் திரும்புகின்றது: அடுத்தவரிடம் குறையைச் சொல்வாரா? சொன்னால் நட்டம் அவருக்கு. சொல்லாவிடின் அவர் தமக்கு இழைக்கப்பட்டதையே பிறருக்கு இழைக்கின்றார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத பழைய கார்ச் சந்தையில், நல்ல கார்கள் விலகித் தீய கார்களே மிஞ்சக்கூடும் எனப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970 இல் காட்டினார். 2001 இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அவர் சந்தையின் நிலையை ஆராய்ந்தார். அறவியல் நோக்கில் அதனோடு சேர்க்கவேண்டிய ஒன்றுண்டு. மேலிருப்பவர் ஒப்புக்கொள்ள மறுத்த குறை மறைந்துவிடுவதில்லை, அது கைமாறுகின்றது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு நேர்மையாளரைப் பொய்யராகும்படி தூண்டுகின்றது. அநீதியின் விளைவு பண நட்டத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை இங்குக் காணலாம். எனினும் தூண்டப்பட்டமை அவருக்கு மன்னிப்பாகாது. குறையைச் சொல்லி, நட்டத்தோடு விற்பதே அவர் கடன்.

ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற், 1785 இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில், அனுபவமற்றவரிடம் கூடுதல் விலை வாங்காத கடைக்காரர் ஒருவரை உதாரணமாக்குகின்றார். அவர் இலாபங் கருதி நேர்மையாக நடந்தாரெனின் அச்செயலுக்கு அறப் பெறுமானம் இல்லை என்பது கான்ற்றின் முடிவு. செய்தித்தாள்கள் எழுதிய பின்னரும், ஆணைக்குழு வழக்குத் தொடுத்த பின்னரும் குறையை ஒப்புக்கொள்ளும் நிறுவனம் அக்கடைக்காரரின் நிலையைக்கூட எட்டவில்லை. உத்தரவாதத்தின் உண்மையான சோதனை நீதிமன்றத்தில் நிகழ்வதன்று. சட்டத்தரணியோ பத்திரிகையாளரோ உடனில்லாது, ஒரு காலைப்பொழுதில் தனியாக முகவரின் மேசைமுன் வந்து ‘கார் நடுங்குகின்றது’ என்று கூறும் ஒருவருக்குக் கிடைக்கும் முதல் மறுமொழியில் அது நிகழ்கின்றது. பழுதைத் திருத்துவது உத்தரவாதத்தின் இரண்டாவது கடமை; முறையிடுபவரின் சொல்லை உண்மையாக இருக்கக்கூடியதென ஏற்றுச் செவிசாய்த்தல் முதலாவது கடமை. முதலாவதை மறுத்தவர் பின்னர் ஒரு கோடி டொலரைச் செலுத்தினும், தாம் கொடுத்த வாக்கைக் காத்தவராகார்.