அஸருக்குப் பின் ஓடும் ஓட்டம்

ரமலானில் நம் வீடுகளில் அஸர் தொழுத கையோடு மகனைக் கடைக்கு விரட்டுகிறோம். நோன்பு திறக்க நேரம் நெருங்குகிறது. பசித்த வயிறு கேட்பதையெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். காசு? "பற்றில் எழுதிக்கொள்ளச் சொல்!" பெருநாள் கழிந்து கணக்கைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது.

"ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், கணக்குப் பார்ப்பானேன்?" என்பார் சிலர். அண்ணல் நபி (ஸல்) அவர்களைவிடவா நமக்குத் தவக்குல் அதிகம்? பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை அவர்கள் ஒதுக்கி வைத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கடனிலிருந்து தொழுகையிலேயே அவர்கள் பாதுகாவல் தேடியதும் அதில் உண்டு.

ஆகவே ஸஹர் முடித்து, ஸுபுஹு பாங்குக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில், வயிறு நிறைந்திருக்கும்போதே அன்றைய சாமானை எழுதிவிடுங்கள். எழுதுமுன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள்; இருக்கும் கடலைமாவையே மறுபடி வாங்குகிறவர்கள் நாம்! தூக்குவாளியில் பள்ளிவாசல் கஞ்சி வந்துவிடுகிறது. அதற்கு நாலு வகைப் பலகாரமா? ஒன்று போதாதா? சீட்டில் இல்லாததை மகன் வாங்க வேண்டாம்.

பெருநாள் புடவை எடுக்குமுன் பழைய பற்றை அடைத்துவிடுங்கள். கடைக்காரரும் தம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டியவர்தானே!