ஒரே விலை நியாயமான விலையா?

அமெரிக்க மளிகைக் கடையில் ஒரு காலன் பாலுக்கு எல்லோருக்கும் ஒரே விலைதான். ஒருவர் கிரெடிட் கார்டை இயந்திரத்தில் காட்டிவிட்டு நகர்கிறார். அடுத்தவர் டாலர் நோட்டை நீட்டி, மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கிறார். இருவரையும் கடை சமமாக நடத்துவதாகத்தான் தோன்றும். ஆனால் கார்டில் வந்த தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு டாலர் வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. கடைக்காரர் அந்தச் செலவை எல்லாப் பொருள்களின் விலையிலும் ஏற்றிவைக்கிறார். அதில் ஒரு பகுதி கார்டுக்காரருக்குப் பரிசுப் புள்ளிகளாகத் திரும்புகிறது. ரொக்கம் கொடுத்தவருக்கு ஒன்றும் திரும்புவதில்லை. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது; கார்டில் வாங்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. செருப்புத் தைப்பவரும் வீடு கட்டுபவரும் நியாயமாகப் பண்டம் மாற்றிக்கொள்ள ஒரு பொது அளவு வேண்டும், அதற்காகவே நாணயம் பிறந்தது என்றார் அரிஸ்டாட்டில். அந்த அளவே ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போடுமானால், விலைச்சீட்டில் தெரியும் சமத்துவம் வெறும் தோற்றம்தான்.

கார்டு வரிசையை வேகமாக நகர்த்துகிறது, அதனால் பின்னால் நிற்கும் ரொக்கக்காரருக்கும் நேரம் மிச்சம் என்பார்கள். ரொக்கத்துக்கும் செலவு உண்டு என்பதும் உண்மை: எண்ண வேண்டும், சில்லறை வைத்திருக்க வேண்டும், திருட்டுக்கு அஞ்ச வேண்டும், வங்கியில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கப்படும் கட்டணம் வேகத்துக்கான கூலி அல்ல. ஐந்து டாலருக்கும் ஐந்நூறு டாலருக்கும் கார்டைக் காட்ட ஆகும் நேரம் ஒன்றே. சதவீதக் கட்டணமோ நூறு மடங்காகிறது. டெபிட் கார்டும் அதே வேகத்தில்தான் வேலை செய்கிறது. பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கான பரிமாற்றக் கட்டணத்தை, அதாவது கார்டு தந்த வங்கிக்குப் போகும் பங்கை, 2011 முதல் சட்டம் ஏறக்குறைய 21 செண்டும் தொகையில் 0.05 சதவீதமும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. நூறு டாலர் வணிகத்துக்கு இது கால் டாலரைச் சற்றே தாண்டும். கிரெடிட் கார்டில் இதற்கு மேல் வாங்குவதில் பெரும்பகுதி பரிசுப் புள்ளிகளுக்கும் லாபத்துக்கும்தான்.

வேண்டுமானால் ரொக்கக்காரர்களும் கார்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்பது இன்னொரு வாதம். நல்ல பரிசு தரும் கார்டு வருமானத்தையும் கடன் வரலாற்றையும் பார்த்துத்தான் கிடைக்கிறது. வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. அதே ஆய்வில், ஆண்டு வருமானம் 20,000 டாலருக்கு மேற்படாத குடும்பம் சராசரியாக 21 டாலர் இழக்கிறது. 150,000 டாலரோ அதற்கு மேலோ ஈட்டும் குடும்பம் 750 டாலர் பெறுகிறது. ஏழையிடமிருந்து வசதியுள்ளவருக்குப் போகும் இந்தப் பணத்துக்கு எந்த ஏழையும் ஒப்புதல் தந்ததில்லை. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் ரொக்க விலை, கார்டு விலை என இரண்டு பலகைகள் உண்டு, நேர்மையான வழிதான். ஆனால் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கடைகளுக்கு 2003இல் அனுமதி தந்த ஆஸ்திரேலியா, சில வணிகர்கள் அளவுமீறி வாங்கியதால் 2016இல் அந்த அளவுமீறலுக்குத் தடை போட வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பரிமாற்றக் கட்டணத்துக்குக் கொண்டுவந்த உச்சவரம்பே எனக்கு மேலானதாகப் படுகிறது: நுகர்வோர் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். இதனால் பரிசுப் புள்ளிகள் சுருங்கும். அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கு அடுத்தவர் பணம் என்பதால், அந்த இழப்பை வசதியுள்ளவர்கள் ஏற்கத்தான் வேண்டும்.