கற்றதை மறப்பதும் தம்மமே



நல்லதைக் கற்பது அரிது. தீயதைக் கற்றபின் அதனை மறப்பது அதனினும் அரிது. கோபர்கைரனேயில் பௌர்ணமிதோறும் கூடும் நாம் இன்று இதனையே சிந்திப்போம்.

அடியேன் தாராவியில் பிறந்தவன். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையினின்று வந்த கிறிஸ்தவர். எங்கள் ஊர்க் கோயிலில் எம்மவர்க்குத் தனி இடம், தனிக் கல்லறை. அதை எண்ணி என் தாயார் கண்ணீர் வடித்ததைக் கண்டிருக்கிறேன். அதே தாயார், எங்கள் சந்தைச் சுத்தம் செய்ய வரும் பெரியவருக்குத் தண்ணீர் தர ஒரு நெளிந்த டம்ளரைக் கூரையில் செருகி வைத்திருந்தார். காரணம் கேட்டேன். “அவர்கள் வேறு, நாம் வேறு” என்றார். ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டபோது, “எல்லாம் ஆண்டவன் ஏற்பாடு” என்று உபதேசியார் முடித்துவிட்டார். அன்புள்ள வாய்களிலிருந்து வந்தமையால் அவ்விஷம் எனக்குப் பாலாகவே இனித்தது.

இது எம் வீட்டுக் கதை மட்டுமன்று. நெல்லை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. பின்னர் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, அதனை மீட்க வேண்டுமென்று மேல்சாதியார் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர். அமெரிக்காவில் மோர்மன் சபையினர் 1852 முதல் 1978 வரை கறுப்பின ஆடவர்க்குக் குருத்துவம் மறுத்தனர். அதற்குச் சொல்லி வந்த காரணங்களை அச்சபையே 2013இல் கைவிட்டது. சபை கைவிட்டதும் நெஞ்சுகள் கைவிட்டனவா? செங்கற்சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். நெஞ்சிலுள்ள சுவரை நாள்தோறும் இடிக்க வேண்டும்.

நானும் இடித்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். மில்லில் பத்லித் தொழிலாளியாய்ச் சேர்ந்து, நூற்புப் பிரிவில் பலரோடு ஒரே டப்பாவில் உண்டேன். மில் மூடியபின் தீட்சை பெற்றேன். மேடையேறிச் சமத்துவம் பேசினேன். அக்காலத்தில் ஓர் உபாசகர் தம் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்தார். நான் கேட்ட முதற்கேள்வி, “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” ஊரைக் கேட்பதுபோல் நான் கேட்டது எதனை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அருந்ததியர் என்றறிந்ததும் “பிறகு பேசலாம்” என்றேன். அவர் அருந்தி வைத்த டம்ளரைக் கழுவியெடுத்த என் மகள், “அப்பா, இதையும் கூரையில் செருகட்டுமா?” என்றாள்.

அன்றிரவு உறக்கமில்லை. மறுவாரம் அவர் இல்லம் சென்று கைகூப்பினேன். அவர் மன்னித்தார், உண்ணவும் வைத்தார். ஆயினும் அப்பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. மன்னிப்புக் கிடைத்தது, இழந்தது மீளவில்லை.

தோழர்களே! சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபோது, தம் நாவிதராகிய உபாலிக்கே முதலில் தீட்சையளிக்குமாறு பகவரை வேண்டினர். ஏன்? முன்னர் துறவேற்றவரை அவர்கள் வணங்கியாக வேண்டும். அவ்வணக்கத்தால் தம் குலச்செருக்கு அழியுமென்றே அவ்வாறு வேண்டினர். தம்மிடம் செருக்கு இல்லை என்று அவர்கள் சாதிக்கவில்லை. இருக்கிறதென்று ஒப்பி, அதற்கு மருந்து தேடினர். அந்த உபாலியே பின்னர் இராசகிருகச் சங்கத்தில் விநயத்தை ஓதினார்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளில், மாந்தர் அனைவரும் சமம் என்பதும் ஒன்று. அதன்பின் வருவது, அச்சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வேன் என்பது. முதலதை நாவால் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கையும் காலும் வேண்டும். நம்மிலும் கீழென்று எவரை நமக்குக் கற்பித்தார்களோ, அவர் வீட்டு வாயிலை முதலில் மிதியுங்கள். அவர் அடுப்பில் வெந்ததை உண்ணுங்கள். சம்பந்தம் பேச வருவோரிடம் ஊரைக் கேளாதீர்கள், ஒழுக்கத்தைக் கேளுங்கள். நம் தாய்தந்தையரை வெறுக்க வேண்டா. அவர்களுக்கும் யாரோ கற்பித்ததே அது. ஆனால் அப்பாடம் நம்மோடு முடியட்டும். நம் பிள்ளைகளின் காதில் விழாதிருக்கட்டும்.

இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் கூரையில் ஏதேனும் டம்ளர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நமோ புத்தாய! ஜெய் பீம்!