நோன்பில் இனிக்கும் பசி ஷவ்வாலில் கசப்பதேன்?

நண்பர் ஒருவர் வாணியம்பாடிக்காரர். புளி வியாபாரம். ரமலானில் ஒரு நோன்பையும் விட்டவரல்லர். கோடையில் வந்த நோன்புகளிலும், பதினான்கு மணி நேரம் நாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், கடையில் மூட்டை எடை பார்த்துக்கொண்டு நின்றவர். அப்படிப்பட்டவரை ஷவ்வால் பிறந்த ஒரு வாரத்தில் டாக்டர் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “பத்துக் கிலோ இறக்கியாக வேண்டும். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் காலை பதினோரு மணிக்கே அவருக்குப் பசி! “என்ன பாய், நோன்பில் இந்தப் பசி எங்கே போயிருந்தது?” என்று என்னிடம் கேட்டார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் இது வேடிக்கையான கேள்வி அல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள் என்றும், பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் கூறுகிறது. நம் வீடுகளில் இக்கணக்கில் வராத வீடு அரிது. ஆகவே நண்பரின் கேள்வி நம் எல்லோருடைய கேள்வியும் ஆகும்.

எடை குறைப்பதற்காகப் பசித்திருப்பது மார்க்கத்தைச் சேர்ந்த காரியமா, வெறும் உலகக் காரியமா? இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பசி தன்னளவில் வணக்கம் அல்ல. பசியை அல்லாஹுத்தஆலா சோதனைகளில் ஒன்றாகவே தன் திருமறையில் (2:155) எண்ணிக் காட்டுகிறான். தராசு முள்ளை மட்டும் நாடி நோன்பு வைப்பவருக்குத் தராசு முள்தான் கிடைக்கும். ஆனால் அல்லாஹ்வுக்காக நோன்பிருப்பவருக்குத் தேக சுகமும் கூடவே வந்தால் அதில் குற்றமில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவர் வழியில் வியாபாரம் செய்வதைத் திருமறை (2:198) தடுக்கவில்லை அல்லவா? அதைப்போலத்தான் இதுவும். இனி, நோன்பல்லாத நாளில் அளவோடு உண்பவர், இந்தத் தேகம் இறைவன் தந்த அமானத், நின்று தொழவும் பிள்ளைகளைக் காக்கவும் இது வேண்டும் என்ற நிய்யத்தோடு கையை இழுத்துக்கொண்டால், அந்தக் கவளமும் நன்மையில் சேரும் என்றே நம்புகிறேன்.

நிய்யத் சரியாகிவிட்டது. ஆனாலும் பதினோரு மணிப் பசி போகவில்லையே! இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நண்பர் புளி கொள்முதலுக்காக ஜவ்வாது மலைக்குப் போவார். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். வானாராய்ச்சிக்குப் பேர்போன ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானத்தை உயர்த்தித் தராசையும் நிறுவிய இறைவன், அந்த நிறுவையில் வரம்பு மீறாதீர்கள் என எச்சரிப்பதை ஸூரத்துர் ரஹ்மானில் ஓதுகிறோம். கோள்கள் அளவு தவறாமல் ஓடுவதைக் கணக்கெடுக்கும் ஊருக்குப் போய்வருபவர் தம் தட்டின் அளவைக் கேட்டுக்கொண்டு வந்தது எனக்கு வியப்பாயிருந்தது.

அங்கே பழக்கமான ஒரு மலைவாசிக் குடும்பத்தில் இராத்தங்கினால் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கிடைக்கும். “இரண்டு கை சாப்பிட்டால் போதும் பாய், விடியும்வரை பசியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஸஹனைக் கண்டதும் பசிக்கிறது” என்றார். சாமையில் நார்ச்சத்து உண்டு, உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு பொங்கினால் மெதுவாகச் செரிக்கும். அது உண்மையே. ஆயினும் சாமையை மந்திரமாக்கிவிடக் கூடாது. மூன்று தட்டுச் சாமை உண்டால் அதுவும் தேகத்தில்தான் ஏறும். மலைமக்களின் சிறிய தட்டை நாம் பெரிதாகப் புகழ்வதும் முறையல்ல. அதில் ஒரு பங்கு வறுமையின் அளவாகவும் இருக்கக்கூடும். பிறருடைய இல்லாமை நமக்கு உபதேசமாகாது.

காவலூரில் பசியாதவர் வீட்டில் பசிப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் குடும்பத்தில் எல்லோர் தட்டும் ஒரே அளவு. ரமலானிலும் அப்படித்தான். பகலில் அடுப்பு எரியாது, யாரும் நம் எதிரே உண்ணமாட்டார், பசிக்கு முடிவாக ஒரு மஃரிப் இருக்கிறது. பட்டினி கிடப்பது வீடு முழுவதும், தெரு முழுவதும், ஊர் முழுவதும். ஷவ்வாலிலோ அவர் ஒருவர் மட்டும் பசித்திருக்க, வீடு வழக்கம்போல் உண்கிறது. போதாக்குறைக்கு மாமியார், “என்ன மாப்ளே இது, கொறிச்சிட்டு எந்திரிக்கிறீங்க! இன்னும் ஒரு கரண்டி வச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே வைத்தும் விடுகிறார். தனியாகச் சுமக்கும் பசி கனமானது.

பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு வயிற்றில் உண்டு. கிரெலின் என்று பெயர், 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாக உண்ணும் நேரத்தை ஒட்டி அது ஏறுகிறது. உண்ணாவிட்டாலும் சற்று நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. அலைபோல் வந்து போகும் பசி என்பதற்கு நோன்பாளிகள் அனைவரும் சாட்சி. லுஹருக்கு முன்னிருந்த பசி அஸருக்கு இருப்பதில்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று 2011-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. ஆகவே மெலிந்தபின்னும் பசிக்கிறதென்று சொல்பவரை, ‘நப்ஸை அடக்கத் தெரியாதவர்’ என்று ஏசுவது அநியாயம். அவர் நம்மைவிட அதிகமான பசியோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

விருந்தில் வற்புறுத்துவதை நாம் உபசாரம் என்கிறோம். அதற்கு ஆதாரமாகச் சிலர் சல்மான் பார்ஸி (ரலி), அபூதர்தா (ரலி) ஆகியோரின் சம்பவத்தைச் சொல்வதுண்டு. அபூதர்தா (ரலி) அவர்கள் விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டு, தாம் நோன்பாளி என்றார்கள். நீங்கள் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று சல்மான் (ரலி) பிடிவாதமாய் நின்று அவர்களை உண்ண வைத்தார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸை இதோடு நிறுத்திவிடுகிறார்கள்! தொடர்ந்து படித்தால் அன்றல்லவா அதன் உயிர் தெரியும்? இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் ஆன்மாவுக்கும் உரிமை உண்டு, மனைவிக்கும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமையைக் கொடும் என்பதே சல்மான் (ரலி) அவர்களின் பேச்சு. நாயகம் (ஸல்) அவர்கள் அதை மெய்யென்று ஒப்பினார்கள். தன்னை வருத்திக்கொண்ட ஒருவரைக் காப்பாற்றிய வற்புறுத்தல் அது. சர்க்கரைக்காரரின் தட்டில் இரண்டாம் கரண்டி பிரியாணி வைப்பது அவருடைய தேகத்தின் உரிமையைப் பறிப்பதாகும். ஒருவருக்குரிய உணவு இருவருக்குப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்க, நாம் இருவருக்குரியதை ஒருவருக்கு வைத்துவிட்டு அன்பு என்கிறோம்.

உண்பவர் தம் பங்குக்கு என்ன செய்வது? வயிற்றில் மூன்றிலொரு பங்கு ஆகாரம், ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற நபிமொழியை நாம் மேடைகளில் கேட்கிறோம். அந்த இடத்தை ஒரே நாளில் எட்டப் பார்த்து மூன்றாம் நாள் தோற்றுப்போகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450–505) இஹ்யா உலூமித்தீனில் இதற்கு ஒரு வியாபாரிக் கணக்கே போட்டிருக்கிறார்கள். இரண்டு ரொட்டி உண்பவர் ஒன்றுக்கு இறங்க விரும்பினால், நாள்தோறும் ரொட்டியில் 28-இல் அல்லது 30-இல் ஒரு பங்கைக் குறைக்கட்டும். ஒரு மாதத்தில் உடம்புக்குக் கேடின்றி ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது. நண்பரிடம் இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. தராசோடு வாழ்பவர் அல்லவா! மறுநாளே கடைத் தராசில் சோற்றை நிறுத்துப் பார்த்திருக்கிறார். சோறு குறைந்த இடத்தில் பருப்பும் காயும் முட்டையும் ஏறலாம்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைப்பதும் நோன்பை நீட்டுவதும் ஆபத்து. பதின்மூன்று நாடுகளில் 2001-இல் நடந்த ஆய்வில், ரமலானில் இரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்குவது பல மடங்கு கூடியது தெரியவந்தது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் தந்திருக்கிறது. சலுகையை ஏற்பதும் அடிமைத்தனமே.

நண்பரின் வீட்டில் அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கென்று தனியாகச் சமைப்பதை அவர் மனைவி நிறுத்திவிட்டார். வாரத்தில் நாலு இரவு எல்லோருக்கும் சாமைதான். பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார்கள். திங்களும் வியாழனும் ஸுன்னத்தான நோன்பில் மூத்த மகனும் வாப்பாவோடு சேர்ந்துகொண்டான். எடை இன்னும் பத்துக் கிலோ குறையவில்லை. நாலு குறைந்திருக்கிறது.

அடுத்த மாதம் அந்த வீட்டில் ஒரு வலீமா. பிரியாணிக்குச் சமையல்காரரோடு அரிசிக் கணக்குப் பேசும்போது நானும் இருந்தேன். “வழக்கமாப் போடுறதுல எட்டுல ஒரு பங்கு அரிசியைக் குறைச்சுடுங்க. கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் கூடப் போடுங்க. பந்தியில யாருக்கும் கேட்காம ரெண்டாந்தரம் வைக்க வேணாம்” என்றார் நண்பர். சமையல்காரர் திகைத்து, உள்ளே அமர்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாப்ளே சொல்றபடியே செய்யுங்க. கேட்டா மட்டும் வைங்க” என்றார்.