கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கிறதா?



அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் விரியன் வகை ஒன்று உண்டு: கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் வால் நுனியில் உள்ள வளையங்கள், நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனவை. தோல் உரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். யாராவது கிட்டே வந்தால், வினாடிக்கு 50 தடவைக்கு மேல்கூட வாலை ஆட்டிச் சத்தமிடும். அதன் விஷம் எலி, அணில் பிடிப்பதற்கு. மிதிக்க வருகிறவன்மேல் அதை வீணாக்க அதற்கு மனதில்லை. "கிட்டே வராதே" என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறது!

இந்தச் சத்தத்தைக் கேட்டும் கையில் எடுத்தவர்கள் உண்டு. அப்பலாச்சியன் மலைநாட்டுச் சில பெந்தெகொஸ்தே சபைகளில், மாற்கு 16:18-ஐ ஆதாரமாகக் காட்டி, ஆராதனையிலே இந்தப் பாம்பைப் பிடிக்கிறார்கள். அதைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி பலமுறை கடிபட்டும் பிழைத்தவர். 1955-ல் புளோரிடாவில் மறுபடியும் கடிபட்டார். வைத்தியம் வேண்டாமென்றார். மறுநாள் மரித்தார். 2014-ல் கென்டக்கியில் ஒரு போதகருக்கும் இதே முடிவு.

அவர்கள் வைராக்கியத்தைப் பரியாசம் பண்ண வேண்டாம். ஆனால் கேள்வி இதுதான்: எச்சரிப்பை அசட்டை பண்ணுவதா விசுவாசம்?

மெலித்தா தீவிலே பவுலின் கையை விரியன் கவ்வியது. அவர் பாம்பைத் தேடிப் போகவில்லை, விறகு பொறுக்கினார். கவ்வினதும் பிடித்து வைத்துக்கொண்டு சாட்சி காட்டவில்லை, தீயிலே உதறினார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது யார்? பிசாசு! அவனும் வசனத்தைத்தான் காட்டினான். வாக்குத்தத்தம் வந்த ஆபத்துக்கு அடைக்கலம். நாமே வரவழைக்கும் ஆபத்துக்குப் பந்தயப்பணம் அல்ல.

"விசுவாசம் இருந்தா ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று நம்மிலும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஏழெட்டாயிரம் பேரை விஷப்பாம்புகள் கடிக்கின்றன. சாகிறவர்கள் சுமார் 5 பேர்தான். காரணம், விஷமுறிவு மருந்தும் சரியான நேரத்து வைத்தியமும். அந்த அறிவைக் கொடுத்தது யார்? தகப்பனே, உங்க உயிரைப் பந்தயம் வைக்கவே உங்களுக்கு உரிமை இல்லை. ஜுரத்தில் கிடக்கிற பிள்ளையின் உயிரை எப்படி வைப்பீர்கள்? ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

பாம்பைப் படைத்தவரே அதன் வாலில் சத்தத்தையும் வைத்தார். நெஞ்சுவலியும் ஒரு சத்தம். மனச்சாட்சி குத்துவதும் ஒரு சத்தம். அதைக் கேட்டு விலகுகிறவன் கோழையல்ல. தேவனுடைய இரக்கத்தை அடையாளம் கண்டவன். கேட்கிற செவியைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.